பயண வாந்தி: சுக்கையும் சத்து மாத்திரையையும் ஒரே தட்டில் வைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறையை முன்னிட்டுத் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளியான பயணக் குறிப்புகளைப் படித்தேன். பேருந்திலும் படகிலும் போகும்போது வரும் வாந்திக்கு இஞ்சி, எலுமிச்சை, புதினா, ஏலக்காய், வைட்டமின் பி6, வைட்டமின் சி, மணிக்கட்டுப் பட்டை என்று ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, இவற்றில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எதற்கும் பக்கவிளைவு கிடையாது என்று அதில் முடித்திருந்தார்கள். எழுதியவரின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக் கடை நடத்தும் மருந்தாளுநர் என்ற முறையில், அந்தப் பகுதியைக் கத்தரித்துக் கையில் வைத்துக்கொண்டு ‘இதுல எது சார் கேக்கும்?’ என்று வந்து நிற்பவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏழும் ஒன்று என்று சொல்ல என்னால் முடியவில்லை. அவற்றில் ஒன்றுக்கு ஓரளவு நல்ல சான்று உண்டு. இன்னொன்றுக்கு ஆர்வமூட்டும் ஒரே ஓர் ஆய்வு உண்டு. மற்றொன்று வேறொரு நோய்க்குரிய புகழைக் கடன் வாங்கிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்த வேறுபாட்டை வாசகர்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நோயின் இடத்தைச் சொல்ல வேண்டும். வாந்தி வயிற்றிலிருந்து வருவதால் கோளாறும் அங்கேதான் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பித்தம் என்றும் வாயு என்றும் சொல்லி ஆறுதல் அடைகிறோம். உண்மையில் பயணக் குமட்டல் உட்செவியில் தொடங்குகிறது. அங்குள்ள மூன்று அரைவட்டக் கால்வாய்கள் தலை திரும்புவதையும், அவற்றை ஒட்டியுள்ள இரண்டு சிறு பைகள் உடல் முன்னும் பின்னும் மேலும் கீழும் நகர்வதையும் மூளைக்குச் சொல்கின்றன. ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறும்போது, கைப்பேசியையோ முன்இருக்கையின் முதுகையோ பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் கண் ‘நாம் அசையவில்லை’ என்கிறது. காது ‘சுழல்கிறோம்’ என்கிறது. இந்த முரண்பட்ட செய்திகளைச் சமாளிக்க முடியாத மூளை, முதலில் கொட்டாவி, பிறகு வெளிறல், குளிர்ந்த வியர்வை, வாயில் எச்சில் ஊறல், அப்புறம் ஓங்கரிப்பு என்று படிப்படியாக வயிற்றைக் கிளப்பிவிடுகிறது. உட்செவியின் சமநிலை உறுப்பு முற்றிலும் செயலிழந்தவர்களுக்குப் பயணக் குமட்டலே வருவதில்லை. பிறவியிலேயே காது கேளாத பலர் எவ்வளவு சுற்றினாலும் தலைசுற்றல் அடைவதில்லை என்பதை அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1882-இலேயே எழுதிவைத்தார். அதே வளைவில் அதே வண்டியை ஓட்டிச் செல்லும் ஓட்டுநருக்கு ஏன் பெரும்பாலும் எதுவும் ஆவதில்லை என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது: அடுத்து எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்பது அவருடைய மூளைக்கு முன்கூட்டியே தெரியும்.

எனவே எந்த வைத்தியத்தையும் நாம் கேட்க வேண்டிய கேள்வி, அது காதுக்கும் மூளைக்கும் இடையே தடுக்கிறதா, வயிற்றுக்கு வந்த பிறகு தணிக்கிறதா என்பதே. பெண்ணையாற்றில் வெள்ளம் வரும்போது மேலே அணையின் மதகை இறக்குவதும், கீழே நம் வீட்டு வாசலில் மணல் மூட்டை போடுவதும் இரண்டும் வெள்ளத் தடுப்புதான்; ஆனால் எந்த அளவு வெள்ளத்துக்கு எது போதும் என்பது வேறு வேறு. நான் படித்து அறிந்த வரையில், இஞ்சி மணல் மூட்டை.

இதை இஞ்சியைக் குறைத்துச் சொல்வதற்காக எழுதவில்லை. பட்டியலில் இருந்த ஏழில் இஞ்சி, சோதனைக் கூடத்திலும் கடலிலும் பலமுறை நேருக்கு நேர் சோதிக்கப்பட்டது. 1982-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வில், எளிதில் பயணக் குமட்டல் அடையும் 36 கல்லூரி மாணவர்களைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒரு சாராருக்கு 940 மி.கி. இஞ்சித் தூள், ஒரு சாராருக்கு 100 மி.கி. டைமென்ஹைட்ரினேட் என்ற புகழ்பெற்ற பயண மாத்திரை, மூன்றாம் சாராருக்கு மருந்தில்லாத வெறும் கேப்சூல். இஞ்சி சாப்பிட்டவர்களே அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். இன்றைக்கும் இஞ்சி கேப்சூல் விற்பவர்கள் ‘மாத்திரையை வென்ற இஞ்சி’ என்று சொல்வதற்கு அடிப்படை இந்த ஓர் ஆய்வுதான். அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: மாத்திரை கொடுத்த அரை மணி நேரத்துக்குள்ளாகவே நாற்காலி சுழலத் தொடங்கிவிட்டது. டைமென்ஹைட்ரினேட் முழுமையாக வேலை செய்ய அதைவிடக் கூடுதல் நேரம் தேவை. ஓடத் தயாராகாதவரோடு ஓடி ஜெயித்ததைப் போட்டி என்று சொல்லலாமா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

1988-இல் டென்மார்க்கில் நடந்த ஆய்வு எனக்கு இதைவிட மதிப்புடையதாகத் தோன்றுகிறது, ஏனென்றால் அது நாற்காலியில் அல்லாமல் கொந்தளிக்கும் கடலில் நடந்தது. பெருங்கடல் பழகாத 80 கடற்படைப் பயிற்சியாளர்களில் பாதிப் பேருக்கு ஒரு கிராம் இஞ்சித் தூளும் மீதிப் பேருக்கு வெறும் கேப்சூலும் கொடுத்து நான்கு மணி நேரம் கவனித்தார்கள். இஞ்சி பெற்றவர்களிடம் வாந்தியும் குளிர்ந்த வியர்வையும் தெளிவாகக் குறைந்தன. குமட்டலும் தலைசுற்றலும் குறைந்ததாகத் தெரிந்தாலும், புள்ளியியல் கணக்கில் அதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இந்த முடிவின் இரண்டு பாதிகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாந்தி குறைகிறது, தலைசுற்றல் அவ்வளவாகக் குறைவதில்லை என்றால், இஞ்சி எங்கே வேலை செய்கிறது என்பது விளங்கிவிடுகிறது.

அதன் பிறகு வந்த சோதனைகளும் ஏறக்குறைய அதையே உறுதிப்படுத்துகின்றன. உட்செவியைத் தூண்டினால் விழிகள் தாமாகத் துடிக்கும். அந்தத் துடிப்பைப் பயண மாத்திரை குறைக்கிறது, இஞ்சி குறைப்பதில்லை என்று 1989-இல் ஒரு ஆய்வு காட்டியது. 1991-இல் அமெரிக்காவில் 28 பேரிடம் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடி தலையை அசைக்கச் சொல்லி நடத்திய சோதனையில், காய்ந்த இஞ்சியும் பச்சை இஞ்சியும் பயனளிக்கவில்லை. ஸ்கோபோலமின் என்ற மருந்து மட்டுமே காப்பாற்றியது. மாறாக, 2003-இல் 13 பேரைக் கோடு போட்ட சுழலும் உருளைக்குள் உட்கார வைத்துச் செய்த ஆய்வில், ஒரு கிராமும் இரண்டு கிராமும் இஞ்சி, குமட்டல் தொடங்குவதைத் தள்ளிப்போட்டன. நிமிடத்துக்கு மூன்று என்ற சீரான தாளத்தில் அசையும் இரைப்பை, குமட்டலின்போது தாறுமாறாக வேகமெடுக்கிறது. இஞ்சி அந்தப் படபடப்பையும், அப்போது இரத்தத்தில் எகிறும் வாசோபிரசின் என்ற சுரப்பையும் குறைத்ததைக் கருவிகளால் அளந்து காட்டினார்கள். ஆக இஞ்சி பொய்யும் இல்லை, மாத்திரையை வென்ற மாமருந்தும் இல்லை. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கோ விருத்தாசலத்துக்கோ போகும்போது இலேசாக வயிற்றைப் பிரட்டுபவருக்கு அது போதும். கொல்லிமலையின் 70 வளைவுகளில் முதல் பத்திலேயே தலை தொங்கிவிடுபவருக்கு அது மட்டும் போதாது.

‘சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை’ என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அந்தப் பழமொழியின் அடுத்த பாதியில் வரும் சுப்பிரமணியரை நான் விட்டுவிடுகிறேன். சுக்கைப் பற்றிச் சொல்ல ஒன்று உண்டு. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால் என்ற பொருள், இஞ்சி காயும்போதும் சூடாகும்போதும் ஓரளவு ஷோகால் என்ற, அதைவிடக் காரமான பொருளாக மாறுகிறது. மேலே சொன்ன சோதனைகளில் பெரும்பாலும் பயன்பட்டது காய்ந்த தூள்தான், அதாவது நம் சுக்கு. ஒரு கிராம் என்பது தேநீர்க் கரண்டியில் தலைதட்டி எடுத்தால் ஏறக்குறைய அரைக் கரண்டி. பச்சை இஞ்சியில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால், அதே அளவு சரக்குக்கு ஐந்து கிராம் வரை தேவைப்படும்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு கடையில் கிடைப்பவற்றைப் பார்க்க வேண்டும். பேருந்து நிலையங்களில் கூவி விற்கும் இஞ்சி மரப்பா மிக ருசியானது, நானும் வாங்குவேன். ஆனால் அதில் பெரும்பகுதி சர்க்கரையோ வெல்லமோதான், இஞ்சி எவ்வளவு என்று பொட்டலத்தில் யாரும் போடுவதில்லை. சித்த மருந்தான பஞ்ச தீபாக்கினி சூரணத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், சீரகம் என்று ஐந்து சரக்குகள். செரிமானத்துக்கு அது நல்ல மருந்து என்பது வேறு, ஆனால் அதிலுள்ள சுக்கு மொத்தத்தில் ஒரு பகுதியே. பளபளக்கும் புட்டியில் வரும் இஞ்சி கேப்சூல்களில் சிலவற்றில் தூள் இருக்கும், சிலவற்றில் சாரம் இருக்கும். இரண்டின் மில்லிகிராமும் ஒன்றல்ல. ஒரு கேப்சூலுக்கு 250 மி.கி. தூள் என்று போட்டிருந்தால், ஆய்வில் கொடுத்த அளவை எட்ட நான்கு கேப்சூல்கள் வேண்டும். அரைத்த சுக்குத் தூளை வெந்நீரிலோ தேனிலோ குழைத்துச் சாப்பிடுபவருக்கு, அதே இஞ்சியைப் பல மடங்கு விலையில் வாங்குவதால் கூடுதலாகக் கிடைப்பது காரம் தெரியாமல் விழுங்கும் வசதி மட்டும்தான். காரம் தாங்காதவர்களுக்கு அந்த வசதி தேவைதான். மற்றவர்கள் அதை மருத்துவப் பயன் என்று எண்ணிப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பக்கவிளைவே இல்லை என்ற வரியை மட்டும் நான் ஏற்க முடியாது. வெறும் வயிற்றில் சுக்கு சிலருக்கு நெஞ்செரிச்சல் தரும். இதய நோய்க்காக வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து சாப்பிடுபவர்களும், பித்தப்பையில் கல் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் கிராம் கணக்கில் சாப்பிடக் கூடாது. மேலே சொன்ன சோதனைகள் இளைஞர்களிடமும் பெரியவர்களிடமும் நடந்தவை. பயண வாந்தி அதிகமாக வருவதோ இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு. பெரியவர்களுக்குச் சொன்ன அளவை அப்படியே ஐந்து வயதுக் குழந்தையின் வாயில் போடுவது சரியல்ல.

இனி சத்து மாத்திரைகள். தங்கள் குறிப்பில் வைட்டமின் பி6 இடம்பெற்றதைப் பார்த்தபோது எனக்கு வியப்பு இல்லை, ஏனென்றால் அதைப் பற்றிய நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்ததே. மசக்கைக்கு மருத்துவர்கள் பிரிடாக்சின் என்ற இந்த வைட்டமினைக் கொடுக்கிறார்கள். தனியாகவும், டாக்சிலமின் என்ற மருந்தோடு சேர்த்தும் கொடுப்பது உண்டு. அதற்குச் சான்றும் உண்டு. அங்கே குமட்டல் குறைகிறதே, இங்கேயும் குறையாதா என்று சிலர் கேட்கிறார்கள். மசக்கைக்குக் காரணம் கர்ப்பகால உடல் மாற்றங்கள். பயணக் குமட்டலுக்குக் காரணம் உட்செவி. ஒன்றில் கிடைத்த வெற்றியை மற்றொன்றின் கணக்கில் வரவு வைக்க முடியாது. கூடவே, அந்தக் கூட்டு மாத்திரையில் உள்ள டாக்சிலமின், பயண மாத்திரைகளைப் போலவே, உடலில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுக்கும் வகையைச் சேர்ந்தது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். நீண்ட நாள் அதிக அளவில் பி6 சாப்பிட்டால் கைகால் நரம்புகள் மரத்துப்போகும் என்பது மருத்துவத்தில் நன்கு தெரிந்த செய்தி. ஒரு நாள் பயணத்துக்கு அந்த அச்சம் வேண்டாம் என்றாலும், ‘தண்ணியில கரையுற வைட்டமின், மிச்சம் வெளியே போயிடும்’ என்று சொல்லி மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களை நான் அறிவேன்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. விடியற்காலை ஐந்து மணி வண்டியைப் பிடிக்க, பால்கூடக் குடிக்காமல், ‘தெம்பாக இருக்கட்டும்’ என்று இரும்பும் துத்தநாகமும் கலந்த பலசத்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள் உண்டு. வெறும் வயிற்றில் இரும்பும் துத்தநாகமும் தாமே குமட்டலை உண்டாக்கும். பண்ருட்டியைத் தாண்டுவதற்குள் வரும் வாந்திக்குப் பேருந்தைக் குறை சொல்வதற்கு முன் அந்த மாத்திரையின் உறையைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

வைட்டமின் சி-யைப் பற்றிய செய்தி சற்று வேறானது. 2014-இல் வெளியான ஆய்வு ஒன்றில், உள்ளரங்க நீச்சல் குளத்தில் ஒரு மீட்டர் உயர அலைகளை எழுப்பி, அதில் மிதக்கும் உயிர்காப்புத் தெப்பத்தில் 70 தன்னார்வலர்களை 20 நிமிடம் உட்கார வைத்தார்கள். ஒரு மணி நேரம் முன்பு இரண்டு கிராம் வைட்டமின் சி சாப்பிட்ட நாளில், பெண்களுக்கும் 27 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கும் தொல்லை குறைந்ததாகத் தெரிந்தது. கடல் குமட்டலில் ஹிஸ்டமினுக்குப் பங்கு உண்டு, வைட்டமின் சி ஹிஸ்டமினைச் சிதைக்க உதவுகிறது என்பது அவர்களுடைய விளக்கம். சிந்திக்கத்தக்க ஆய்வுதான், ஆனால் ஒரே ஆய்வு, குறுகிய நேரம், குளத்து அலை. அதைப் படித்துவிட்டு ‘அதனால்தான் நம் பாட்டிமார் எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள்’ என்று சொல்வது பொருந்தாது. ஓர் எலுமிச்சையின் சாற்றில் சில பத்து மில்லிகிராம் வைட்டமின் சி-தான் இருக்கும். இரண்டு கிராமை எட்ட ஒரு கூடை பழத்தைப் பிழிய வேண்டும். நெல்லிக்காயில் பல மடங்கு அதிகம் என்றாலும் அதிலும் இந்த அளவு எளிதில் கிடைக்காது. சிறுநீரகக் கல் வந்து அவதிப்பட்டவர்கள், அதிலும் நம் ஊர் வெயிலில் தண்ணீர் போதாமல் இருக்கும் பயண நாளில், கிராம் கணக்கில் வைட்டமின் சி சாப்பிடுவதைத் தவிர்க்க வேண்டும்.

எலுமிச்சையை முகர்வது, புதினா மிட்டாய், ஏலக்காய் மெல்வது ஆகியவை தீங்கற்றவை. டீசல் நாற்றமும் பின்இருக்கைக்காரரின் சாப்பாட்டு மணமும் குமட்டலைக் கூட்டும் என்பதால், நல்ல மணம் ஒன்று மூக்கின் அருகே இருப்பது ஆறுதல்தான். அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்க வேண்டாம். மணிக்கட்டு மடிப்புக்கு மூன்று விரல் மேலே அழுத்தும் பட்டை, அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலில் ஓரளவு பயன் காட்டியிருக்கிறது. பயணக் குமட்டலில் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன.

ஆனாலும் இவற்றால் குணம் கண்டதாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. 1995-இல் வெளியான ஓர் ஆய்வில் இஸ்ரேலியக் கடற்படைப் பயிற்சியாளர்கள் 25 பேரில் ஒரு பகுதியினரிடம், ‘உங்களுக்குக் கடல் குமட்டல் வர வாய்ப்புக் குறைவு, வந்தாலும் வேலை கெடாது’ என்று முன்கூட்டியே நம்பிக்கையூட்டினார்கள்; வேறு மருந்து எதுவும் தரவில்லை. கடலில் அவர்களுக்குக் குமட்டல் குறைவாகவே வந்தது, வேலையும் நன்றாகவே செய்தார்கள். பிள்ளையின் கையில் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து ‘இது இருந்தா ஒண்ணும் வராது கண்ணு’ என்று சொல்லும் பாட்டி செய்வதும் அதையே. அந்தப் பேச்சுக்குப் பலன் உண்டு; அதைப் புட்டியில் அடைத்து நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு விற்பதைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

ஒப்பிடும்போது மாத்திரைகளைச் சொல்லாமல் விட்டால் ஒப்பீடு முழுமையாகாது. புரோமெதசின், டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின், சின்னாரிசின் ஆகியவை உட்செவிக்கும் மூளையின் வாந்தி மையத்துக்கும் இடையிலான பாதையிலேயே தடுப்பவை. வந்த பிறகு விழுங்கினால் பெரும்பாலும் வீண். அப்போது இரைப்பை மருந்தைக் குடலுக்குள் அனுப்புவதையே நிறுத்திவைத்திருக்கும். புறப்படுவதற்கு ஒரு மணி நேரமாவது முன்னதாகச் சாப்பிட வேண்டும். தூக்கம் வரும், வாய் உலரும். வண்டி ஓட்டுபவர்கள் சாப்பிடக் கூடாது. கண் நீர் அழுத்த நோயோ புராஸ்டேட் வீக்கமோ உள்ள முதியவர்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் புரோமெதசின் மூச்சையே தளர்த்திவிடக் கூடும் என்பதால் கொடுக்கவே கூடாது. மூலிகைகளை மக்கள் நாடுவதற்கு நியாயமான காரணம் இந்தத் தூக்கமும் இந்த எச்சரிக்கைகளும்தான், அதை நான் மறுக்கவில்லை.

ஒரு பொதுவான குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். ‘வாந்தி மாத்திரை கொடுங்க’ என்று கேட்பவர்களில் பலர் மனத்தில் வைத்திருப்பது ஒன்டான்செட்ரான். புற்றுநோய் மருந்துகளால் வரும் வாந்தியையும் வயிற்றுப்போக்கோடு வரும் வாந்தியையும் மிக நன்றாகக் கட்டுப்படுத்தும் அந்த மருந்து, பயணக் குமட்டலில் ஏறக்குறைய பயனற்றது. குடலிலிருந்து கிளம்பும் செய்தியை அது தடுக்கிறது. பயணத்தில் செய்தி கிளம்புவது காதிலிருந்து. வலிமை மிக்க ஆங்கில மருந்தே இடம் மாறினால் கைவிடுகிறது என்றால், மூலிகை என்பதற்காக இஞ்சியிடம் மட்டும் எல்லாவற்றையும் எதிர்பார்ப்பதும், சத்து மாத்திரை என்பதற்காக பி6-ஐக் கேள்வியின்றி ஏற்பதும் எப்படிச் சரியாகும்?

சட்டத்தின் பார்வையிலும் இவை ஒன்றல்ல என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிந்தால் நல்லது. சித்த, ஆயுர்வேத மருந்துகள் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின்கீழ் உற்பத்தி உரிமம் பெற்றவை. சத்து மாத்திரைகளிலும் கேப்சூல்களிலும் பல, 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்கீழ் உணவாக விற்கப்படுகின்றன. அவற்றின் உறையில் மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதல்ல என்று அச்சிட்டிருக்க வேண்டும். ஒரே இஞ்சி ஒரு புட்டியில் மருந்தாகவும் இன்னொரு புட்டியில் உணவாகவும் அடுத்தடுத்த அலமாரியில் நிற்கும். உணவு உரிமம் பெற்ற புட்டியை வாந்திக்கு மருந்து என்று பரிந்துரைக்கும்போது, அதன் தயாரிப்பாளரே உறையில் மறுத்திருக்கும் ஒன்றை நாம் அவர் சார்பில் சொல்லிவிடுகிறோம்.

இத்தனைக்கும் மேலாக, எந்தப் புட்டியிலும் கிடைக்காத ஒன்று பழக்கம். கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலிருந்து விசைப்படகில் முதன்முறையாகப் போகும் இளைஞர்கள் முதல் இரண்டு மூன்று நாள் படும்பாட்டைப் பற்றி அவர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். அதன் பிறகு கடல் எவ்வளவு ஆடினாலும் உட்கார்ந்து சோறு உண்கிறார்கள். மூளை புதிய அசைவைக் கற்றுக்கொண்டுவிடுகிறது. எந்த மருந்தும் இதற்கு ஈடாகாது என்பதே ஆய்வாளர்களின் கருத்தும். ஆண்டுக்கு ஒரு முறை சுற்றுலா போகும் பள்ளிப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை என்பதால், அவர்களுக்கு முன்பகுதி இருக்கையும், சாலையைப் பார்க்கும் வசதியும், சன்னல் காற்றும், கைப்பேசி இல்லாத கைகளும் வேண்டும். புதுச்சேரி அருகே சுண்ணாம்பாற்றில் போகும் படகுகளில் தொடுவானத்தையோ எதிர்க்கரையையோ பார்த்தபடி இருக்கச் சொல்லலாம். சுற்றுலா நாளின் காலையில் பொங்கலும் வடையும் நெய் மிதக்கப் பரிமாறிவிட்டு, பலாப்பழப் பருவமென்றால் வழியில் பண்ருட்டியில் நிறுத்திச் சுளைகளையும் ஊட்டிவிட்டு, பிறகு பிள்ளைகள் வாந்தி எடுக்கிறார்கள் என்று வருந்துவதை நிறுத்தினாலே பாதித் தொல்லை தீரும். இரண்டு இட்லி போதும்.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இக்குறிப்புகளை அடுத்த விடுமுறைக்கு மீண்டும் வெளியிடுவதாக இருந்தால், ஒவ்வொரு பொருளின் அருகிலும் எவ்வளவு, எப்போது, யாருக்கு ஆகாது என்ற மூன்றையும் அச்சிடுங்கள். இஞ்சிக்கு நேராகப் பெரியவர்களுக்கு ஒரு கிராம் சுக்குத் தூள், புறப்படுவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு, இலேசான உணவுக்குப் பின் என்று போடலாம். பி6-ஐப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். வைட்டமின் சி-க்கு நேராக ‘ஒரே ஆய்வு’ என்று எழுதலாம். பக்கவிளைவு கிடையாது என்ற வாக்கியத்தை எதற்கும் எழுத வேண்டாம். பல அரசு மருத்துவமனைகளில் சித்த மருத்துவப் பிரிவும் இயங்குகிறது. அங்குள்ள சித்த மருத்துவர் ஒருவரையும் ஆங்கில மருத்துவர் ஒருவரையும் ஒரே பக்கத்தில் எழுத வைத்தால், பிள்ளைகளின் வயதுக்கேற்ற அளவு உட்பட, என் போன்ற கடைக்காரர் சொல்வதைவிடத் தெளிவான விடை வாசகர்களுக்குக் கிடைக்கும். பள்ளிகள் சுற்றுலாவுக்குப் பேருந்து பேசும் நாளுக்கு முன்பே அது வெளிவந்தால், வகுப்பாசிரியர்கள் அதைப் பெற்றோர் கூட்டத்தில் படித்துக்காட்டலாம்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.